இணையம் அறுந்த இரவிலும் திறக்க வேண்டிய கதவு: தொடர்மாடி நுழைவாயில் ஏற்பாடுகள் பற்றிய ஓர் ஒப்பீடு

திருகோணமலை நகருக்குள்ளும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் உள்ள தொடர்மாடிகளின் குடியிருப்பாளர் குழுக்கள் கீழ்வாசலுக்குப் புதிய ஏற்பாடு ஒன்றைத் தெரிவுசெய்ய உட்காரும்போது, முதலில் மேசைக்கு வருவது கைத்தொலைபேசிச் செயலியால் திறக்கும் கதவுதான். வாசலில் ஒருவர் மணியடிக்க, வீட்டுக்காரர் கந்தோரில் இருந்தபடியே அவருடைய முகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்துவிடும் வசதி எவருக்கும் பிடிக்கும். பிள்ளைகள் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்க, இங்கே வயதான பெற்றோர் தனித்து வாழும் வீடுகளுக்கு அது மிகப் பெரிய ஆறுதல். ஆயினும் பணம் கட்டுவதற்கு முன் குழு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இணையம் இல்லாத நேரத்தில் இந்தக் கதவைத் திறக்கலாம் என்று முடிவெடுப்பது எது, அது எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வி கொழும்பைவிட நமக்கு நெருக்கமானது. வாடைக்காற்று தொடங்கும் கார்த்திகையில் இருந்து தை வரை மரம் முறிவதும், கம்பம் சாய்வதும், கம்பிகள் அறுவதும் இங்கே ஆண்டுதோறும் நடப்பவை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கியபோது பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருசேர நின்றன. புயல் இல்லாத காலமும் பாதுகாப்பானதல்ல. 2022 மார்ச் இறுதியில் எரிபொருள் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. மின்சாரம் நீண்ட நேரம் இல்லாவிட்டால் வீட்டு ரவுட்டர் முதலில் அணையும். சில மணித்தியாலத்தில் தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரிகளும் தீரத் தொடங்கும். ஆகவே நம் ஊரில் இணையத் தடையையும் மின்தடையையும் தனித்தனியாகப் பிரித்து யோசிப்பதில் பயனில்லை. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

இன்னொரு வகைத் தடை நம் கண்ணுக்கே தெரியாதது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் முடங்கியபோது, அந்த நிறுவனத்தின் ஊழியர்களே தங்கள் அட்டைகளால் கந்தோர்க் கதவுகளைத் திறக்க முடியாமல் நின்றதாகச் செய்திகள் வெளிவந்தன. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியாவில், பிற நிறுவனங்களின் சேவைகளும் தங்கியிருக்கும் அமேசன் சேர்வர்களில் (சேவைக் கணினிகளில்) ஏற்பட்ட கோளாறினால் உலகெங்கும் ஏராளமான சேவைகள் நின்றன. ‘ரிங்’ என்ற பெயரில் விற்கும் இணைய வாசல்மணிகளும் அவற்றுள் அடங்கும். அப்படியான நாளில் உட்துறைமுக வீதியில் மின்சாரமும் இருக்கலாம், இணையமும் இருக்கலாம், கதவு மட்டும் திறக்காது.

நுழைவாயில் ஏற்பாடு எதுவானாலும் அதில் மூன்று உறுப்புகள் உண்டு. வந்தவர் யாரென்று அறிவது ஒன்று: அட்டை வாசிப்பான், இலக்கப் பலகை, கமரா, விரலடையாளக் கருவி ஆகியவை அதைச் செய்கின்றன. அவரை விடலாமா என்று முடிவெடுப்பது மற்றொன்று. பூட்டை இழுப்பதோ விடுவிப்பதோ மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் வாசலிலேயே இருப்பவை. நடுவில் உள்ள முடிவு வாசலில் எடுக்கப்படுகிறதா, படிக்கட்டின் அடியில் உள்ள பெட்டியில் எடுக்கப்படுகிறதா, கடல் கடந்த சேர்வரில் எடுக்கப்படுகிறதா என்பதிலேதான் கீழே ஒப்பிடும் வழிகள் யாவும் வேறுபடுகின்றன.

முழுக்க இணையத்தை நம்பும் செயலி ஏற்பாடு

இதில் வாசல் கருவி ஒவ்வொரு அழைப்பையும், கதவைத் திறக்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் உற்பத்தியாளரின் சேர்வருக்கு அனுப்பி விடை கேட்கிறது. வீடுகளுக்குள் தனி வயர் இழுக்க வேண்டியதில்லை என்பதால், பழைய கட்டடங்களுக்கு இது மலிவாகவும் விரைவாகவும் முடியும். கரையோரத்தில் வைகாசி முதல் புரட்டாதி வரையான பருவத்தில் உல்லாசப் பயணிகளுக்கு வீடு வாடகைக்கு விடுவோர், வருபவருக்குத் தூரத்தில் இருந்தே அனுமதி கொடுக்கலாம்.

இதன் பலவீனத்தை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். உறவினர் குடியிருக்கும் தொடர்மாடி ஒன்றில், மழை இரவில் இணையம் வரும் பைபர் வயர் அறுந்துவிட்டது. கிளினிக்கில் இருந்து திரும்பிய மூன்றாம் மாடி அம்மா ஒருவர் கேற்றுக்கு வெளியே குடையோடு நிற்கிறார். அவருடைய மகளின் கைத்தொலைபேசியில் ‘இணைக்கிறது’ என்ற சொல்லுக்கு மேல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “தம்பி, உங்களிட்டத் திறப்பு இல்லையா?” என்று அவர் காவலாளியிடம் கேட்க, “இல்லை அம்மா, அது செயலாளர் ஐயாட்ட இருக்கு, அவர் கொழும்புக்குப் போயிட்டார்” என்று அந்தப் பிள்ளை தலை குனிந்து சொல்கிறார். அன்று கருவியில் பழுது எதுவும் இருக்கவில்லை. கட்டப்பட்ட முறைப்படியே அது நடந்தது.

இவ்வகைக் கருவிகள் யாவும் ஒரே மாதிரியானவை என்று சொல்வது நியாயமாகாது. சிலவற்றில் அட்டைகளின் பட்டியலும் இரகசிய இலக்கங்களும் கருவியின் நினைவகத்திலேயே சேமிக்கப்படும். இணையம் போனால் தொலைவில் இருந்து திறக்கும் வசதி மட்டும் நிற்கும். வேறு சிலவற்றில் எல்லாமே நின்றுவிடும். விளம்பரத் தாளில் இந்த வேறுபாடு தெளிவாக இருப்பதில்லை. ஆகையால் வாங்குவதற்கு முன் விற்பவரின் கடையிலேயே கருவியை இயக்கி, ரவுட்டரில் இருந்து வரும் வயரைக் கழற்றச் சொல்ல வேண்டும். பிறகு கருவியின் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்தி மீண்டும் கொடுக்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம்: ஓடிக்கொண்டிருக்கும்போது இணையம் போனால் சமாளிக்கும் கருவிகளில் சில, இணையம் இல்லாத நிலையில் புதிதாக எழும்பும்போது சேர்வரைத் தேடியே நின்றுவிடும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்தும் இணையம் வராத அந்த இடைவேளை நமக்குப் பழக்கமானதே.

இரண்டாவது இணைய இணைப்பு

செயலி ஏற்பாட்டை விட மனமில்லாதவர்களுக்கு விற்பனையாளர் சொல்லும் பரிகாரம், பைபரோடு 4ஜி சிம் போட்ட ரவுட்டர் ஒன்றையும் வைப்பது. ஒன்று அறுந்தால் மற்றதற்குத் தானாக மாறும். வீதி வேலைக்காரர் மண் வெட்டும்போது வயரை வெட்டிவிட்டால் இது உண்மையாகவே உதவும். ஆனால் புயலில் கோபுரமும் சேர்ந்தே நின்றால் உதவாது. உற்பத்தியாளரின் சேர்வர் முடங்கினால் எத்தனை இணைப்பு இருந்தும் பயனில்லை. மாதாமாதம் கட்டணமும் உண்டு. அதே பணத்தைப் பற்றரியில் போடுவது புத்திசாலித்தனம் என்பதே என் முடிவு.

முடிவை வாசலிலேயே எடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி

என் தெரிவு இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். அட்டைகளின் பட்டியல் கட்டடத்துக்குள் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிந்திருக்கும். வாசிப்பான் அட்டையின் இலக்கத்தைச் சொல்ல, பெட்டி தன் பட்டியலைப் பார்த்துக் கணப்பொழுதில் பூட்டை விடுவிக்கும். இணையம் இணைக்கப்பட்டிருந்தால் புதிய அட்டை சேர்ப்பது, தொலைந்ததை நீக்குவது, யார் எப்போது வந்தார் என்று பார்ப்பது ஆகியவற்றைத் தொலைவில் இருந்து செய்யலாம். செயலியால் திறக்கும் வசதியையும் மேலதிகமாகச் சேர்க்கலாம். இணையம் போனால் அந்த மேலதிகங்கள் மட்டும் போகும். குடியிருப்பவர் எவரும் தெருவில் நிற்க நேராது.

வாசிப்பானும் முடிவெடுக்கும் சுற்றுப்பலகையும் ஒரே பெட்டியில் அடங்கி, அப்படியே வெளிச்சுவரில் பொருத்தப்படும் மலிவான கருவிகளும் உண்டு. அவை இணையமின்றியும் இயங்கும். ஆனால் பூட்டுக்குப் போகும் வயர்கள் அந்தக் கருவியின் பின்னாலேயே இருப்பதால், சுவரில் இருந்து அதைப் பெயர்த்தெடுத்து இரண்டு முனைகளைத் தொடுத்தால் கதவு திறந்துவிடும். எனவே வெளியே வாசிப்பான் மட்டும், உள்ளே பூட்டிய அறையில் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று பிரித்துப் போடும் வகையைக் கேளுங்கள். உப்புக்காற்றும் இதற்கே சாட்சி சொல்கிறது: கடலோரத்தில் ஒரு வாடைக்காலம் கழிந்தபின் வெளி வாசிப்பானின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், செப்பு வயர் முனைகளில் பச்சை படர்ந்து, திருகாணிகள் துருவேறி நிற்பதைக் காணலாம். வாசிப்பானை மாற்றுவது சிறிய செலவு. மூளையும் வெளியே இருந்தால் முழு ஏற்பாடும் போகும்.

அட்டையிலும் தரவேறுபாடு உண்டு. 125 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் பழைய வகை அட்டைகளைச் சில நிமிடங்களில் பிரதியெடுக்கலாம். 13.56 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் மைஃபெயார் கிளாசிக் வகையின் இரகசியக் குறியீடு 2008ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. மைஃபெயார் டெஸ்ஃபயர் வகை கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுப்பது நல்லது. இணையமில்லாத கதவு தன் அட்டையின் நம்பகத்தை மட்டுமே நம்பி நிற்கிறது.

யாரும் கவனிக்காத சிறு பொருள் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பெட்டிக்குள் சுற்றுப்பலகையின் மேல், மணிக்கூட்டை ஓட வைக்கும் காசு அளவிலான லிதியம் பற்றரி ஒன்று இருக்கும். வேலைக்காரருக்குக் காலை 6 முதல் மாலை 6 வரை, வாடகைக்காரருக்கு இந்தத் திகதி முதல் அந்தத் திகதி வரை என்றெல்லாம் நேரம் வைத்து அனுமதி கொடுத்திருந்தால், அந்த அனுமதி முழுவதும் இந்த மணிக்கூட்டை நம்பியே இருக்கிறது. இணையம் இருக்கும்வரை பெட்டி இணையத்தில் இருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். சிறு பற்றரி இறந்திருந்து, மின்சாரமும் போய், இணையமும் இல்லாமல் பெட்டி எழும்பினால் அதன் நாட்காட்டி 2000ஆம் ஆண்டுக்கோ 1970ஆம் ஆண்டுக்கோ போய்விடும். செல்லுபடியான அட்டைகூட ‘காலம் சரியில்லை’ என்று மறுக்கப்படும். ஆகவே நிரந்தரக் குடியிருப்பாளருக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கவே வேண்டாம். உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் திகதியிட்ட இரகசிய இலக்கத்தை முற்கூட்டியே பெட்டியில் பதிந்து கொடுக்கலாம். அவர்கள் வரும் இரவில் இணையம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன.

பெட்டி, வாசல் கமரா, வாசலில் நிற்பவரைக் காட்டும் வீட்டு முகப்புத்திரைகள் ஆகியவை கட்டடத்துக்குள் ஒரே வலையமைப்பில் பேசிக்கொள்வதாக இருந்தால், வலையமைப்பில் ஒவ்வொன்றையும் இனங்காட்டும் இலக்க முகவரிகளை இணைய நிறுவனம் தந்த ரவுட்டரே பங்கிட்டுக் கொடுக்க விடக்கூடாது. ரவுட்டர் அணைந்தாலோ நிறுவனத்தார் அதை மாற்றிவிட்டாலோ கருவிகள் முகவரி இழந்து, ஒரே கட்டடத்துக்குள் ஒன்றையொன்று காணாமல் போகும். நிலையான முகவரிகளும், கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க ரவுட்டருக்கு அப்பாற்பட்ட தனி வலையமைப்புச் சுவிச்சும் போதும். இது வேலை செய்பவரின் ஒரு மணித்தியால வேலைதான்.

தவறிய அழைப்பால் திறப்பதும், திறப்பும் காவலாளியும்

சிம் போட்ட சிறு கருவிக்கு ஒரு அழைப்பு எடுத்தால், இலக்கத்தை இனங்கண்டு, பதிலளிக்காமலே கேற்றைத் திறக்கும் ஏற்பாடும் உண்டு. இதற்கு இணையம் தேவையில்லை, கோபுரம் தேவை. வாகனக் கேற்றுக்கு இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளலாம். மனிதர் நுழையும் கதவுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. அழைப்பவரின் இலக்கத்தைப் போலியாகக் காட்ட முடியும் என்பதும் ஒரு காரணம்.

திறப்பும் காவலாளியும் என்ற பழைய ஏற்பாட்டைப் பின்தங்கியது என்று ஒதுக்குவோர் உண்டு. எட்டுப் பத்து வீடுகள் மட்டும் உள்ள கட்டடத்துக்கு அது இன்றும் தகும். அதற்கு மேல் வீடுகள் கூடினால், வாடகைக்காரர் மாறும்போதெல்லாம் திறப்புப் பிரதிகள் ஊரெங்கும் பரவிவிடும். ஆயினும் எந்த மின் ஏற்பாட்டோடும் ஒரு திறப்புத் துவாரம் இருந்தே ஆக வேண்டும்.

வந்தவர் வீட்டை அழைப்பது

அட்டை இருப்பவரின் பிரச்சினை தீர்ந்தாலும், வந்த விருந்தாளியும் மருந்து கொண்டுவருபவரும் வீட்டை எப்படி அழைப்பது? வீட்டுக்கு வீடு முகப்புத்திரை வைத்த வலையமைப்பு இன்டர்கொம் கட்டடத்துக்குள்ளேயே பேசும். இணையம் அதற்குத் தேவையில்லை. ஆனால் மின்சாரம் தேவை. திரை ஒன்றுக்கு 5 முதல் 10 வாற் என்று வைத்தால், 24 வீட்டுக்கு 120 முதல் 240 வாற் இரவு பகலாகத் தேவைப்படும். அவ்வளவையும் தாங்கும் பற்றரி மின்வழங்கி (யூ.பி.எஸ்) எளிதில் கட்டுப்படியாகாது. அதற்கு மாறாக, இரண்டு வயரில் இயங்கும் ஒலி மட்டும் உள்ள பழைய பாணி ரிசீவர் இன்டர்கொம், யாரும் பேசாத நேரத்தில் மிகச் சொற்ப மின்சாரத்தையே எடுக்கும். சிறு பற்றரி ஒன்றில் நாள் முழுதும் நிற்கும். கண்ணுக்கு அழகில்லை. மூன்றாம் மாடியில் தனியே இருக்கும் முதியவருக்கோ, சுவரில் மாட்டிய ரிசீவரை எடுத்துப் பேசுவது கைத்தொலைபேசிச் செயலியைத் தேடித் திறப்பதைவிட எளிது. மின்சாரம் இருக்கும்போது முகம் காட்டும் வசதியைச் செயலி தரட்டும். அழைப்பின் அடிப்படை இந்த வயராக இருக்கட்டும்.

பூட்டும் பற்றரியும்

எனக்கு இருக்கும் பெரிய கவலை இங்கேதான். நம் ஊரில் அதிகம் பொருத்தப்படுவது காந்தப் பூட்டு. அது மின்சாரம் இருக்கும்வரை கதவைப் பிடித்திருக்கும். மின்சாரம் போனால் விட்டுவிடும். உள்ளே இருப்பவர் அடைபட மாட்டார் என்பது அதன் பெருங்குணம். ஆனால் நீண்ட மின்வெட்டில் பற்றரி தீர்ந்ததும் கட்டடம் முழுவதும் திறந்து கிடக்கும். கடைக்காரர்கள் ‘ஸ்ட்ரைக் லொக்’ என்று சொல்லும், நிலையில் பதிக்கும் மின்தாழ், திறக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் மின்சாரம் எடுக்கும் வகையிலும் கிடைக்கிறது. மின்சாரம் போனால் அது வெளியே பூட்டியே இருக்கும்; உள்ளே இருப்பவர் சாதாரணக் கைப்பிடியைத் திருகி எந்நேரமும் வெளியேறலாம்.

கணக்கைப் பார்ப்போம். 280 கிலோகிராம் தாங்கும் காந்தப் பூட்டு 12 வோல்ற்றில் ஏறத்தாழ அரை அம்பியர் எடுக்கும். பெட்டிக்கும் வாசிப்பானுக்கும் கால் அம்பியர் என்று வைத்தால் மொத்தம் முக்கால். வழக்கமாகக் கொடுக்கப்படும் 7 அம்பியர்-மணிப் பற்றரி தாளிலே ஒன்பது மணித்தியாலம் நிற்கும். மின்தாழ் என்றால் அதே பற்றரி கால் அம்பியரை மட்டும் கொடுத்து 28 மணித்தியாலம் நிற்கும். ஆனால் ஈயப் பற்றரி வெப்பத்தில் சீக்கிரம் கிழடாகும். 25 பாகைக்கு மேல் ஏறத்தாழப் பத்துப் பாகைக்கு ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணிப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்றோட்டமில்லாத படிக்கட்டு அறையில் அது எவ்வளவு வேகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு கடந்த பற்றரியில் தாளில் உள்ள நேரத்தில் பாதியையே எதிர்பார்க்கலாம்: காந்தப் பூட்டுக்கு நாலரை மணித்தியாலம், மின்தாழுக்குப் பதினாலு. 2022இன் மின்வெட்டுகள் ஒரே மூச்சில் வந்தவையல்ல. இருந்தும் இடையில் கிடைத்த மின்சாரம் பற்றரியை நிறைக்கப் போதாது. லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் மின்வழங்கியின் சார்ஜர் அதற்குப் பொருந்துவதா என்று கேட்டே போட வேண்டும்.

காந்தப் பூட்டையே வைத்திருப்பவர்கள் ஒன்றை இன்றே சரிபார்க்க வேண்டும். வெளியேறும் பொத்தானை அமுக்கினால் பூட்டுக்குப் போகும் மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்பட வேண்டும். பொத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் அனுமதி கேட்டு, பெட்டி பிறகு பூட்டை விடுவிப்பதாக வயர் இழுத்திருந்தால், பெட்டி உறைந்துபோன நேரத்தில் தீப்பிடித்தால் மக்கள் உள்ளே அகப்படுவார்கள். தீ எச்சரிக்கை மணி அடித்தாலும் பூட்டின் மின்சாரம் துண்டிக்கப்படும்படி இணைக்கப்பட வேண்டும். அவசரத்தில் பூட்டின் மின்சாரத்தைத் துண்டிக்க, உடைத்து அழுத்தும் பச்சைப் பெட்டி ஒன்று கதவருகே இருக்க வேண்டும். செலவைக் காரணம் காட்டி இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எந்தக் கட்டடத்துக்கு எது

உரிமையாளர்கள் பெரும்பாலும் அங்கேயே குடியிருக்கும் 20, 30 வீட்டுத் தொடர்மாடிக்கு என் தெரிவு: உள்ளே கட்டுப்பாட்டுப் பெட்டி, டெஸ்ஃபயர் அட்டை, மின்தாழ், ஒலி இன்டர்கொம், 7க்குப் பதில் 18 அம்பியர்-மணிப் பற்றரி, வெளியே திறப்புத் துவாரம். வெளிநாட்டு உரிமையாளர்கள் அதிகமாக உள்ள கட்டடத்தில் இதன் மேல் செயலியையும் சேர்க்கலாம். ரவுட்டருக்கும் பைபர் பெட்டிக்கும் சிறு யூ.பி.எஸ் ஒன்றைக் கொடுத்தால் குறுகிய மின்வெட்டில் அதுவும் ஓடும். முழுக்க உல்லாசப் பயணிகளுக்கு விடும் சிறு கட்டடத்துக்கு இலக்கப் பலகையே போதும், ஒவ்வொருவர் போனதும் இலக்கத்தை மாற்றுவோர் இருந்தால். செயலி ஏற்பாட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை எறிய வேண்டியதில்லை: அந்தக் கருவியின் பூட்டு முனைக்கு, மின்தாழ் என்றால் இணையாகவும் காந்தப் பூட்டு என்றால் தொடராகவும், தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினால் அட்டை ஒரு வழியாகவும் செயலி மற்றொரு வழியாகவும் அதே பூட்டைத் திறக்கும்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்: வேலையை ஒப்படைக்கும் நாளில், குடியிருப்பாளர் முன்னிலையில், இணைய வயரைக் கழற்றியும் மின்சாரத்தை நிறுத்தியும் நான்கு மணித்தியாலம் கதவை இயக்கிக் காட்ட வேண்டும், அதன் பிறகே இறுதிப் பணம். இதே சோதனையை ஆண்டுதோறும் ஐப்பசியில், வாடை தொடங்குமுன் காவலாளியே செய்யலாம். கதவைத் திறக்கும் திறப்பு ஒன்று அவருடைய அறையில் முத்திரையிட்ட உறையில் இருக்கட்டும். எடுத்தால் நேரத்தையும் காரணத்தையும் புத்தகத்தில் எழுதட்டும். மின்சாரம் இல்லாதபோது என்ன செய்வது என்ற குறிப்பை, அந்தக் கட்டடத்தில் வாழ்வோர் யாவரும் வாசிக்கக் கூடியதாகத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, மழை படாத உட்புறச் சுவரிலும் வெளிக்கதவின் கண்ணாடிக்குப் பின்னாலும் ஒட்டிவிடுங்கள்.